112க்குப் பிறகு மறுபடி 97

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நார்னியா என்ற மாய உலகைப் பற்றிய ஏழு சிறுவர் நாவல்களின் வரிசையில், ஒரு அலமாரிக்குள் நுழைந்து அந்த உலகுக்குப் போகும் அலமாரிக் கதையையும் 'பிரின்ஸ் காஸ்பியன்' கதையையும் தோழியிடம் வாங்கிப் படித்து முடித்துவிட்டாள். போன வாரம் வேலூர் வந்தபோது ஒரு கடையில் 'டான் ட்ரெடர்' கப்பல் கதையை 350 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். 112ஆம் பக்கம் முடிந்ததும் மறுபடி 97 வருகிறது, அப்புறம் நேராக 129! மாற்றித் தரச் சொன்னால் கடைக்காரர், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறது. இது 5ஆம் புத்தகம். 1, 3 படிக்காமல் புரியாது, ஏழையும் செட்டாக எடுங்கள்" என்கிறார்.
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: நடுக்கடலில் கதை அறுந்துபோனால் பிள்ளைக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும்! இது பைண்டிங் பிழை. சேர்த்து மடித்துத் தைக்கும் 16 பக்கம் ஒரு ஃபாரம். ஒரு ஃபாரத்தை இரண்டு முறை வைத்துவிட்டு, அடுத்ததை (113 முதல் 128 வரை) விட்டுவிட்டார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த பில் வாசகம் செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் வேறு கெடு போடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம்.

பில்லையும் அந்தப் பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டு மறுபடி போய்க் கேளுங்கள். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தாள் மெலிந்து மறுபக்க எழுத்து தெரிகிறதா, அட்டைப்படம் மங்கலா என்றும் பாருங்கள். திருட்டுப் பதிப்பாக இருந்தால் வேறு பிரதி வேண்டாம், பணத்தையே கேளுங்கள்.

செட் வாங்க வேண்டியதில்லை. புத்தகத்தின் முதுகில் உள்ள எண், கதை நடக்கும் கால வரிசை. நூல்கள் வெளிவந்த வரிசை வேறு. அலமாரிக் கதை 1950, காஸ்பியன் 1951, டான் ட்ரெடர் 1952. உங்கள் மகள் சரியாக அதே வரிசையில்தான் வந்திருக்கிறாள். 1 என்று போட்ட 'மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' நூல் வந்ததே 1955இல்தான். அந்த அலமாரி எந்த மரத்தில் செய்தது என்று அதில் சொல்லிவிடுகிறார்கள். அதை முதலில் படிக்கிற குழந்தைக்கு அலமாரிக் கதவு திறக்கும்போது வரும் திகைப்பு பாதி போய்விடும். எனக்கு அதில் சம்மதமே இல்லை.

அடுத்து வாங்க வேண்டியது 1953இல் வந்த 'சில்வர் சேர்'. கடையில் நின்றபடியே பக்க எண்களை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.