மாடிப்படி ஏறியதாலா பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தது? அடுத்த முறையும் அப்படி ஆகுமா?

முதல் கர்ப்பத்தில் 34-ஆவது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்தது, மாடிப்படி ஏறியதுதான் காரணம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 32-ஆவது வாரத்தில் உடைந்தது. என் மேல் விழுந்த பழி, ஈரத்துணி வாளியைத் தூக்கினேன் என்பது. வயிற்றில் பலத்த அடி பட்டால் வேறு கதை. மற்றபடி படி ஏறியதால் பனிக்குடம் உடைவதில்லை.

பனிக்குடம் ஒரு மெல்லிய சவ்வு. அதற்கு வலு கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். மாதம் நிறைய நிறைய அது தானாகவே தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சி 37 வாரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. இதில் முக்கியப் பங்கு கிருமித்தொற்றுக்கு. பிறப்புறுப்பிலிருந்து கிருமிகள் மேலேறும்போது, அவற்றை எதிர்க்க உடம்பு சுரக்கும் நொதிகளே சவ்வையும் அரித்துவிடும். எனக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வாடையோடு வெள்ளைப்பட்டது. கூச்சப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனாலும் இன்றுவரை மனதில் உறுத்துகிறது. சிறுநீர்த் தொற்றையும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

நடு மாதங்களில் இரத்தக்கசிவு, புகைபிடித்தல், கருப்பைவாயில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, கருப்பைவாய் குட்டையாக இருப்பது, உடல் எடை மிகக் குறைவாக இருப்பது எல்லாமே ஆபத்தைக் கூட்டும். இரட்டைக் குழந்தையோ, பனிக்குட நீர் அதிகமோ இருந்தால் சவ்வு அளவுக்கு மீறி இழுபடும். இவற்றில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் உடைகிறது, அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

சரி, அடுத்த முறை? ஒருமுறை இப்படி ஆகியிருந்தால் மறுபடி நடக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் கட்டாயம் நடக்கும் என்றில்லை. முதல் பரிசோதனையிலேயே பழைய கதையைச் சொல்லிவிடுங்கள். எனக்கு இரண்டாவது முறை 16-ஆவது வாரத்திலிருந்து 24 வரை ஸ்கேனில் கருப்பைவாயின் நீளத்தை அளந்துகொண்டே வந்தார்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மருந்து, சிலருக்குக் கருப்பைவாயில் தையல் என்று வழி இருக்கிறது. எனக்கு இரண்டுமே தேவைப்படவில்லை, 38 வாரம் தாண்டியது. முழுநேரமும் படுத்தே கிடப்பதால் பனிக்குடம் உடைவதைத் தடுக்க முடியாது. இரத்தம் உறையும் அபாயம்தான் கூடும்.

அப்புறம் ஒன்று. எல்லோருக்கும் குடம் உடைந்தாற்போலக் கொட்டாது. எனக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் கசிந்தது, சிறுநீர் என்று நினைத்து அரை நாள் வீணாக்கினேன். அடக்கிப் பார்த்தும் நிற்காமல் உள்ளாடை நனைந்துகொண்டே இருந்தால் நாப்கின் வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நிறம் பச்சையா, இரத்தம் கலந்திருக்கிறதா என்று நாப்கினில் பார்த்துச் சொல்லலாம். காய்ச்சலோ, குழந்தையின் அசைவு குறைந்ததோ இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் போனால்தான் தொற்றுக்கு மருந்தும், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியும் நேரத்தோடு கிடைக்கும்.