டை-டவுன் பெல்ட் (பைக்கை வண்டியோடு இழுத்துக் கட்டும் பட்டை) இல்லாமல் டர்ட் பைக்கை வேனிலோ பிக்கப்பிலோ பத்திரமாக ஏற்றிச் செல்ல முடியுமா? கயிறு போதாதா?

முடியும். நான்கு வருடமாக நான் பெல்ட் இல்லாமல்தான் ஏற்றிப் போகிறேன். கயிறும் போதும், எங்கே கட்டுவது என்று தெரிந்தால். தெரியாமல் கட்டி ஒரு முறை பட்டிருக்கிறேன், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அன்று பெல்ட் பையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். பிக்கப்பில் ஒரு நைலான் கயிறு கிடந்தது. பெல்ட்டை எப்படி மாட்டுவேனோ அப்படியே ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கயிற்றைக் கட்டி, ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) பாதி இறங்கும்வரை இழுத்து முடிச்சுப் போட்டேன். தட்டிப் பார்த்தால் விண்ணென்று இருந்தது. வழியில் மழை. அப்புறம் ஒரு வேகத்தடை. பின்னால் தடாலென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பைக் பக்கச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. கிளட்ச் லீவர் ஒடிந்துவிட்டது, டேங்க் மூடியின் காற்றுக்குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. கயிறு அறவில்லை. முடிச்சும் அவிழவில்லை. கயிறு தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. மோட்டோகிராஸ் பைக்கின் சஸ்பென்ஷன் 30 செ.மீ. வரை ஏறி இறங்கக்கூடியது. ஹேண்டில்பாரைப் பிடித்துக் கீழே இழுத்துக் கட்டும்போது, கயிற்றை விறைப்பாக வைத்திருப்பது ஃபோர்க்குக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான். குழியில் இறங்கினால் ஃபோர்க் இன்னும் அமுங்கும், அந்தக் கணம் கயிறு தளரும். பெல்ட்டிலும் இதேதான் நடக்கிறது. கொக்கி கழன்று விழுவது அந்த நொடியில்தான். நைலான் கயிறு தானே நீளக்கூடியது, நனைந்தால் இன்னும் நெகிழும். அதனால் பெல்ட் இல்லாமல் கட்டுகிற எந்த வழியானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இதில் சஸ்பென்ஷன் ஆடினாலும் பிடி தளராமல் இருக்குமா?

எவ்வளவு வலு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சரக்கு கட்டுவதற்கான அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் இரண்டிலும் ஒரே அளவுதான்: திடீர் பிரேக்குக்காக எடையில் 80 சதவீதம் முன்னோக்கியும், வளைவுக்காக 50 சதவீதம் பக்கவாட்டிலும் தள்ளும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 110 கிலோ பைக் என்றால் முன்னால் 88 கிலோ, பக்கத்தில் 55 கிலோ. முன்னோக்கித் தள்ளுவதைச் சமாளிப்பது சுலபம், முன்சக்கரத்தை வண்டியின் முன்சுவரில் முட்டக் கொடுத்துவிடலாம். பக்கவாட்டு 55 கிலோதான் வில்லங்கம், அது பைக்கின் நடு உயரத்தில் தள்ளுகிறது. சக்கரத்தின் அடியில் மட்டும் கவ்வும் சின்ன வீல் சாக்கை வைத்துவிட்டு நிம்மதியாகப் போக முடியாததற்குக் காரணம் இதுதான். பைக்கை நிற்க வைக்க அது உதவும். ஓடுகிற வண்டியில் அது மட்டும் போதாது.

நான் செய்திருப்பது முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கையே தரையோடு பூட்டுவது. சைக்கிளை அப்படி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். என் பைக்கின் ஆக்சில் சரியாக நுழைகிற ஓர் இரும்புக் குழாயை, முன்சக்கர ஹப்பும் (சக்கரத்தின் நடுப்பகுதி) அதன் இரண்டு பக்க ஸ்பேசர்களும் (இடைவெளி வளையங்கள்) சேர்ந்த அகலத்துக்கு அறுத்து, ஒரு தடித்த தகட்டில் வெல்டிங் செய்து வாங்கினேன். தகடு வேன் தரையில் நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. போல்ட் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது, அடியிலும் ஒரு தகடு இருக்கிறது. மர ஸ்க்ரூவை வைத்து இதைச் செய்யாதீர்கள், பக்கவாட்டு இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்சில் நட்டையும் ஃபோர்க் அடியில் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தை உருவிவிட்டு, அதே ஆக்சிலை ஃபோர்க் வழியாகவும் குழாய் வழியாகவும் செலுத்தி நட்டை முறுக்கினால் முன்பக்கம் முடிந்தது. ஃபோர்க் அமுங்கவே வேண்டியதில்லை, ஆயில் சீலுக்கும் தொல்லை இல்லை. பைக்கின் நீளத்திலும் ஓர் அடிக்கு மேல் மிச்சமாகும். பின்பக்கம் துள்ளி வாலாட்டும் என்பதால் பின்சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே கயிறு விட்டு, ரிம்மைச் சுற்றி, இரண்டு பக்கமும் தரை வளையங்களில் கட்டுகிறேன். சக்கரத்தைக் கட்டினால் அதற்கு மேலே ஷாக் (பின்பக்க சஸ்பென்ஷன்) எவ்வளவு ஆடினாலும் கயிற்றுக்குக் கவலையில்லை.

இதில் இரண்டு இடத்தில் கை தவறும். சக்கரம் இல்லாதபோது யாராவது முன்பிரேக் லீவரை அழுத்தினால் பிரேக் பேடுகளைத் தள்ளும் காலிபர் பிஸ்டன்கள் வெளியே வந்துவிடும், அப்புறம் டிஸ்க் உள்ளே நுழையாது. அதனால் பேடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகிவிடுவேன். (என் தம்பிக்கு நிற்கிற பைக்கைக் கண்டால் லீவரை அழுத்தாமல் இருக்க முடியாது.) இரண்டாவது, திரும்ப மாட்டும்போது ஆக்சில் நட்டை முறுக்கிய கையோடு பிஞ்ச் போல்ட்டை இறுக்காதீர்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்து, ஃபோர்க்கை நாலைந்து முறை நன்றாக அமுக்கி விடுங்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் தாமாக நேராகும், அதன் பிறகு இறுக்குங்கள்.

வெல்டிங், துளை போடுவது எல்லாம் வேண்டாம் என்றால் ஃபுட்ரெஸ்டைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்டுகள் கடையில் கிடைக்கின்றன, ரிஸ்க் ரேசிங் நிறுவனத்தின் லாக்-என்-லோட் அந்த வகை. அதன் அடிப்பாகத்தையும் தரையில் போல்ட் போட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் வேலை கச்சிதம். ஃபுட்ரெஸ்ட் சட்டத்தோடு சேர்ந்த வலுவான இடம்.

சரி, என்னைப் போல மறந்துவிட்டு வந்து, கையில் கயிறு மட்டும்தான் என்றால்? ஹேண்டில்பாரை விட்டுவிடுங்கள். பைக்கை நிமிர்த்திப் பிடித்து, எஞ்சினுக்கு அடியில் சட்டத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதைவிட 3 செ.மீ. குறைவான உயரத்துக்கு மரக்கட்டைகளை அடுக்குங்கள். கட்டை சட்டத்திலோ ஸ்கிட் பிளேட்டிலோ (எஞ்சின் அடியில் இருக்கும் காப்புத் தகடு) படட்டும். டூ-ஸ்ட்ரோக் பைக்கில் கீழே தொங்கும் எக்ஸாஸ்ட் வயிற்றில் பட்டால் நசுங்கிவிடும். பிறகு இரண்டு ஃபுட்ரெஸ்டிலிருந்தும் கயிற்றை வெளிப்பக்கமாகக் கீழே இழுத்து, பைக் கட்டைமேல் அழுந்த உட்காரும்வரை இறுக்குங்கள். லாரிகளில் போடுகிற, நடுவில் கண்ணி வைத்துக் கயிற்றைத் திருப்பி இழுக்கும் முடிச்சு இதற்கு அருமை, பெல்ட்டை இறுக்கும் ராட்செட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சட்டம் கட்டையில் உட்கார்ந்துவிட்டதால் அதற்குமேல் அமுங்க இடமில்லை, கயிறும் தளராது. முன்சக்கரம் சுவரில் முட்டட்டும், இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனிக் கயிறு போடுங்கள். பாலியஸ்டர் கயிறு கிடைத்தால் நைலானைத் தொடாதீர்கள். சாமான் மூட்டைக்குப் போடுகிற எலாஸ்டிக் கொக்கிக் கயிறு இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

பைக்கைப் படுக்கப் போட்டுக் கொண்டுபோகலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஒழுகும், எஞ்சின் ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் ஏறவும் கூடும். மூடிய வேனில் அந்த ஆவியோடு உட்கார்ந்திருப்பது ஆபத்து. நிற்க வைத்திருந்தாலும் பெட்ரோல் டேப் (டேங்கிலிருந்து பெட்ரோலை அடைக்கும் திருகு) இருந்தால் மூடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

கிளம்பி 10 நிமிடத்தில் ஒருதரம் நிறுத்தி, பின் மட்கார்டைப் பிடித்து பைக்கைப் பலமாக ஆட்டிப் பாருங்கள். பைக்கோடு சேர்ந்து வண்டியும் ஆடினால் கட்டு சரி. பைக் மட்டும் ஆடினால் அங்கேயே அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.