ஃபுளூரின் மட்டும் ஏன் தனி வழி? தனிமத் தொகுதிகள் குறித்த கேள்வி பதில்

பென்னாகரம், 12ஆம் வகுப்பு மாணவி: எங்க ஊர் போர் தண்ணியில ஃபுளூரைடு அதிகம்னு சொல்றாங்க. லேப்ல சில்வர் நைட்ரேட் விட்டேன், வெள்ளையா திரிஞ்சுது. அதுதான் ஃபுளூரைடா சார்?

இல்லம்மா, அது குளோரைடு. சில்வர் ஃபுளூரைடு தண்ணீரில் நன்றாகக் கரையும், வீழ்படிவே (கரையாமல் படியும் திடப்பொருள்) தராது. தனிம வரிசை அட்டவணையில் ஹேலஜன்கள் எனப்படும் 17ஆம் தொகுதியில் குளோரின், புரோமின், அயோடின் மூன்றும் ஒரே வரிசையில் நடக்கும். முதல் உறுப்பான ஃபுளூரின்தான் ஒதுங்கும்.

சோதனையை மறுபடி செய்து பார். 5 மி.லி. தண்ணீரில் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, குமிழி நிற்கும் வரை விடு. நம் பக்கத்துத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அமிலம் விடாவிட்டால் சில்வர் கார்பனேட்டும் படிந்து ஏமாற்றும். நைட்ரிக்குக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அந்த அமிலத்திலுள்ள குளோரைடே வீழ்படிவாகும், சோதனை வீண். பிறகு சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. வெள்ளை வந்து நீர்த்த அமோனியாவில் கரைந்தால் குளோரைடு. வெளிர்மஞ்சளாக வந்து அடர் அமோனியாவில் மட்டும் கரைந்தால் புரோமைடு. மஞ்சளாக வந்து எதிலும் கரையாவிட்டால் அயோடைடு. அமோனியா சேர்த்த அந்தக் கரைசலைச் சேமித்து வைக்காதே, நாள்பட்டால் வெடிக்கும் பொருள் உருவாகலாம். அன்றைக்கே அமிலம் சேர்த்து அப்புறப்படுத்து.

ஃபுளூரைடுக்கு சிர்க்கோனியம்–அலிசரின் சாயம் வேண்டும். சிவந்த சாயம் ஃபுளூரைடு பட்டால் மஞ்சளாக வெளுக்கும். கள ஆய்வுப் பெட்டிகள் சில இந்த அடிப்படையில் அமைந்தவைதான்.

பாலக்கோடு: ஏழு இணைதிறன் எலக்ட்ரான் எல்லா ஹேலஜனுக்கும் பொதுதானே? அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

எலக்ட்ரான் எண்ணிக்கை பொது, அளவு பொதுவல்ல. ஃபுளூரைடு அயனியின் ஆரம் ஏறக்குறைய 133 பிக்கோமீட்டர், குளோரைடுக்கு 181. ஃபுளூரைடு தன் தொகுதியைவிட ஹைட்ராக்சைடு அயனிக்கே அளவில் நெருக்கம். அதனால் ஹைட்ராக்சைடு இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளின் பயோட்டைட் மைக்கா, அபடைட் என்ற கனிமங்களில் அப்படி உட்கார்ந்ததுதான் மெல்ல மெல்ல நிலத்தடி நீருக்கு வருகிறது. பல்லிலும் எலும்பிலும் இருப்பது ஹைட்ராக்சி அபடைட். அங்கேயும் அதே இடமாற்றம். கொஞ்சம் என்றால் பல் எனாமல் உறுதிப்படும், அதிகமானால் கறையும் எலும்புப் பாதிப்பும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5. இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

காரிமங்கலம்: கொதிக்க வைத்தால் போகாதா? பிளீச்சிங் பவுடர் போட்டால்? வீட்டில் சாஃப்ட்னர் வேறு இருக்கிறது.

மூன்றும் பலிக்காதுங்க. கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும், ஃபுளூரைடு இன்னும் செறிவாகும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான். சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அது நேர் அயனிகளுக்கான ரெசின், எதிர் அயனியான ஃபுளூரைடைத் தொடாது. இயற்கையிலும் கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரில்தான் ஃபுளூரைடு அதிகம் நிற்கும். கால்சியம் ஃபுளூரைடாகப் படிய அங்கே கால்சியம் போதாது. ஆக, “தண்ணி மென்மையா இருக்கு, நல்ல தண்ணி” என்ற கணக்கு நம் ஊரில் செல்லாது.

பலிப்பவை: ஆர்ஓ, ஆக்டிவேட்டட் அலுமினா (ஃபுளூரைடைப் பிடித்துவைக்கும் அலுமினிய ஆக்சைடு), படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை. அலுமினா லேசான அமிலத் தன்மையில்தான் நன்றாகப் பிடிக்கும். பைகார்பனேட் நீரில் சீக்கிரம் நிறைந்துவிடும், காஸ்டிக் சோடாவால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்ட வடிகட்டி இருந்தும் இல்லாததுதான்.

கிருஷ்ணகிரி, மாங்காய் மண்டி: கார்பைடு கல் 2ஆம் தொகுதிக் கால்சியம்தானே, சுண்ணாம்பு மாதிரி. அதில் என்ன விஷம்?

விஷம் 15ஆம் தொகுதியிலிருந்து வருகிறதுங்க. தொழிற்சாலைக் கார்பைடில் கால்சியம் பாஸ்பைடும் ஆர்சனைடும் கலப்படமாக இருக்கும். பாஸ்பரஸும் ஆர்சனிக்கும் ஒரே தொகுதி, ஈரம் பட்டால் இரண்டும் ஒரே மாதிரி பாஸ்பீன், ஆர்சீன் என்று வாயுவாகக் கிளம்பும். கார்பைடு ஈரத்தில் விடும் முக்கிய வாயு அசிட்டிலீன். தூய அசிட்டிலீனுக்கு மணமில்லை. கல்லிலிருந்து வரும் பூண்டு நாற்றம் பெரும்பாலும் பாஸ்பீன். பழுக்க வைக்கக் கார்பைடு சட்டப்படி தடை. அறையில் எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. அறையை இடையிடையே திறந்துவிடுங்கள், கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் பழுப்பது மந்தமாகும்.

ஊத்தங்கரை ஆசிரியர்: முதல் தொகுதியைக் காட்ட சோடியத்துக்குப் பிறகு பொட்டாசியமும் தண்ணீரில் போடலாமா? குப்பி பழையது.

பழைய பொட்டாசியம் வேண்டாம் சார். மேலே மஞ்சள் படலம் இருந்தால் அது சூப்பராக்சைடு (ஆக்சிஜன் மிகுந்த சேர்மம்), கத்தி வைத்த உடனே வெடிக்கக்கூடும். குப்பியைத் திறக்காமல், அபாயக் கழிவை எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள். லித்தியமும் சோடியமும் போதும், தொகுதியில் கீழே போகப் போக வேகம் கூடுவது தெரிந்துவிடும். பச்சைப்பயறு அளவுத் துண்டு, மண்ணெண்ணெயை வடிதாளில் ஒற்றி எடுத்து, அகலத் தொட்டியில். தொட்டியை மூடக் கூடாது, ஹைட்ரஜன் தேங்கும். காரத்தில் நிறம் மாறும் பினாப்தலின் இரண்டு சொட்டு விட்டால் சோடியம் ஓடிய தடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். மிச்சத் துண்டை சிங்க்கில் போடாமல் ஆல்கஹாலில் சிறிது சிறிதாகக் கரையுங்கள்.

தேன்கனிக்கோட்டை: சுடர் சோதனையில் பொட்டாசியம் ஊதா வரவே மாட்டேங்குது அண்ணா, மஞ்சளாவே எரியுது.

சோடியம் கலந்திருக்கு தம்பி. கை வியர்வை பட்டாலே போதும். கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, சுடரில் நிறம் வருவது நிற்கும் வரை எரித்துவிட்டு அப்புறம் உப்பைத் தொடு. பிறகும் மஞ்சள் என்றால் நீலக் கோபால்ட் கண்ணாடி வழியே பார், அது மஞ்சளை விழுங்கிவிடும்.