‘டிட்’ வந்தபின் ‘வென்ட்’ வராது

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்றே கை எழுதிவிடுகிறது, திரும்பப் படித்தால்தான் தவறு தெரிகிறது, சொல் தேர்விலும் தடுமாற்றம் என்கிறீர்கள். இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே காட்டிவிட்டது. அடுத்து ‘கோ’ மட்டும்தான். விதியை மனப்பாடம் செய்வதைவிட மாற்றி எழுதுவதே கைக்குப் பழக்கம் தரும். நேற்று நடந்ததைத் தினமும் ஐந்து வாக்கியமாக எழுதி, ஒவ்வொன்றையும் மறுப்பாகவும் கேள்வியாகவும் மாற்றுங்கள்: ‘ஷி பாட் எ பேக்’, ‘ஷி டிட் நாட் பை எ பேக்’, ‘டிட் ஷி பை எ பேக்?’ வாய்விட்டுச் சொல்லியபடி எழுதுங்கள்.

‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ போல முடிந்துபோன நேரம் இருந்தால் ‘ஐ ஹேவ் சீன்’ வேண்டாம், ‘ஐ சா’ போதும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

சொல் தேர்வில் முதலில் ‘செட்’, ‘டோல்டு’ இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். யாரிடம் என்று சொன்னால் ‘ஹி டோல்டு மி’. சொல்லாவிட்டால் பெரும்பாலும் ‘ஹி செட்’.