ஜெர்மனியில் மணந்துகொண்ட இரு பெண்களில் ஒருவர் பெற்ற குழந்தையை மற்றவர் ஏன் தத்தெடுக்க வேண்டும்?

இதைத் துணைவரின் குழந்தையைத் தத்தெடுத்தல் என்பார்கள். அதாவது, பெற்றவரின் மனைவி நீதிமன்றம் வழியாகக் குழந்தையின் இரண்டாவது பெற்றோராவது.

காரணம் ஒரே சொல். 2017 அக்டோபர் 1 முதல் அங்கே இரு பெண்கள் மணந்துகொள்ளலாம். ஆனால் குடிமைச் சட்டத்தின் 1592ஆம் பிரிவு மாறவில்லை: பிரசவத்தின்போது தாயை மணந்திருக்கும் 'ஆண்' தந்தையாவார். கொடையாளரின் விந்தணுவால் பிறந்த குழந்தைக்கும் கணவர் தானாகவே தந்தை. மரபணுவை யாரும் கேட்பதில்லை. அதே நிலையிலுள்ள மனைவியிடம் மட்டும் இளையோர் நல அலுவலகம் வீடு, வருமானம், உடல்நலம் எல்லாம் விசாரிக்கிறது. இது எனக்குப் பெரிய அநீதியாகவே படுகிறது.

இருவரும் சேர்ந்து கட்டிய வீட்டுக்கு ஒருவர் பெயரில் மட்டும் பத்திரம் இருப்பது போன்றது இது. பெறாத தாய் பாலூட்டலாம், தாலாட்டலாம், பள்ளியில் விடலாம். தத்தெடுப்பு முடியுமுன் பெற்றவர் இறந்தால், சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தைக்குத் தாயே இல்லை.

தத்தெடுத்தால் பெற்ற தாயின் உரிமை போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். போகாது, இருவரும் சம உரிமையுள்ள பெற்றோராகிறார்கள்.