வெவ்வேறு சமூக மாணவர்களை ஒரு வட்டத்தில் இருத்திக் கதைக்க வைப்பது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்களைச் சேர்த்து உரையாடல் வட்டம் ஒன்று தொடங்க நினைக்கிறோம். அதை நெறிப்படுத்த எப்படிப் பழகுவது?

பதில்:

முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள், மற்றதெல்லாம் பிறகுதான். 2016 யூலையில் விஞ்ஞான பீடத்துப் புதுமுக மாணவர் வரவேற்பில் சிங்களவரின் பாரம்பரியக் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றிய இழுபறி கைகலப்பில் போய் நின்றது பலருக்கு நினைவிருக்கும். "கண்டிய நடனம் வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டால் அறை இரண்டாகப் பிரிந்து பட்டிமன்றம் ஆகிவிடும். "இந்த வளாகத்தில் எந்த நிகழ்வில் இது என்னுடைய இடம் என்று நினைத்தீர்கள்? எதில் ஒதுங்கி நின்றீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது ஒவ்வொருவரும் தனக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டி வரும். ஒருவருக்கு நடந்ததோடு மற்றவர் வாதாட முடியாது, மேலும் விசாரிக்கத்தான் முடியும்.

ஆட்கள் 12 பேர் போதும். நெறிப்படுத்த இருவர், வேறு வேறு சமூகத்தவராக. 1988இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய குழுக்களிடை உரையாடல் திட்டமும் இப்படித்தான் இருவரை வைக்கிறது. அறிமுகமும் நம்பிக்கையும், பிறகு வேறுபாடுகள், பிறகு சூடான விடயங்கள், கடைசியில் சேர்ந்து செய்யக்கூடியது என்ற அதன் வரிசை இங்கும் பொருந்தும். முதல் அமர்விலேயே மூன்றாம் படிக்குத் தாவுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. யுத்தத்தின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18, மாவீரர் நாளான நவம்பர் 27, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் 1990இல் வெளியேற்றப்பட்டதை நினைவுகூரும் ஒக்டோபர் கடைசி, இந்த நாட்களை ஒட்டி முதல் அமர்வை வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தையும், நீண்ட விடுமுறைக்குத் தெற்கு மாணவர் ஊருக்குப் புறப்படும் நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

மொழி பற்றிக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஆங்கிலத்தில் நடத்தினால் ஆங்கிலம் ஓடுகிற நாலு பேர்தான் கதைப்பார்கள். தமிழிலும் சிங்களத்திலும், ஒருவர் சொல்லி முடித்ததும் மொழிபெயர்க்கும் முறையில் நடத்துங்கள். நேரம் அப்படியே இரட்டிப்பாகும். இரண்டு மணித்தியால அமர்வில் கதைக்கக் கிடைப்பது ஒரு மணித்தியாலம், 12 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஐந்து நிமிடம். ஆகவே ஒரு அமர்வுக்கு ஒரு கேள்விதான். மூன்று நான்கு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்த மாணவரிடம், பெரும்பாலும் ஒரு முஸ்லிம் பிள்ளையிடம், அந்த வேலையைத் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. கடைசியில் அவருடைய கதையை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கூட்டுவதற்கு முன் ஒவ்வொரு தரப்பையும் ஒருமுறை தனியாகச் சந்தியுங்கள். "தமிழ் மாணவர்" என்று நாங்கள் எழுதுகிற ஒரு பெயருக்குள் குடாநாடு, வன்னி, மலையகம், மட்டக்களப்பு எல்லாம் இருக்கின்றன. அவர்களுக்குள்ளேயே கதைக்கப்படாத சாதி இருக்கிறது. இதைத் தெரியாமல் வட்டத்துக்கு வந்தால், யாரோ ஒருவர் ஒரு இனத்தின் முழுப் பேச்சாளராகிவிடுவார்.

இனி, கட்டாயம் வரப்போகும் ஒரு கட்டம். ஒரு சிங்கள மாணவர், "யுத்தம் முடிந்துவிட்டதுதானே, ஏன் இன்னும் அதையே கதைக்கிறீர்கள்?" என்கிறார். எதிரில் இருப்பவர் எழும்பப் பார்க்கிறார். இங்கே மொழிபெயர்ப்பை மென்மையாக்கக் கூடாது, சொன்னது சொன்னபடியே போக வேண்டும். "எல்லாரும் மனிதர்தானே" என்று நடுவில் பூசி மெழுகவும் கூடாது, அது இரு தரப்பையும் வாயடைக்கும். கொஞ்ச நேரம் பொறுங்கள், பத்து விநாடி அமைதி யாரையும் கொல்லாது. பிறகு எழும்பப் பார்த்தவரிடம், "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன செய்தது?" அடுத்து அந்தச் சிங்கள மாணவரிடம், "உங்கள் வீட்டில் எது முடிந்தது?" இராணுவத்திலிருந்த அண்ணன் 2009இல் உயிரோடு திரும்பி வந்ததைத்தான் அவர் "முடிந்தது" என்று சொல்லியிருக்கலாம். மறுபடியும் எழும்பப் பார்த்தவரிடம், "உங்கள் வீட்டில் முடியாமல் இருப்பது எது?" காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படம் இன்னும் சுவரில் இருக்கலாம். இருவரும் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்த கிழமையும் இருவரும் வந்தால் அமர்வு சரியாக நடந்திருக்கிறது.

நடுநிலை என்று சொல்லி அளந்து பேசுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. அறையில் எண்ணிக்கையில் குறைந்தவர், மொழி தட்டுப்படுபவர், பெண் பிள்ளைகள் ஆகியோருக்கு முதல் வாய்ப்புக் கொடுப்பது பக்கச்சார்பு ஆகாது.

கைபேசிகள் மேசையில், படமெடுப்பு இல்லை. வரவுப் பதிவும் வெளியே போகக் கூடாது. அனுசரணை தருகிற நிறுவனம் படம் கேட்டால் வெறும் கதிரைகளை எடுத்துக் கொடுங்கள். கதைத்தது யார் காதுக்குப் போகும் என்ற பயம் இங்கே காரணமில்லாமல் வந்ததல்ல.

பழகும் வரிசை: முதலில் ஒரு வட்டத்தில் பங்குபற்றுநராக இருங்கள். பிறகு மூலையில் இருந்து, யார் எத்தனை நிமிடம் கதைத்தார், யார் யாரைக் குறுக்கிட்டார் என்று குறித்துக் கொடுங்கள். அதற்குப் பிறகே அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாக. அமர்வு முடிந்ததும் இரு நெறிப்படுத்துநரும் அரை மணித்தியாலம் இருந்து, எங்கே அவசரப்பட்டோம், யார் வாயே திறக்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

யாராவது இழப்பைச் சொல்லித் தொடர முடியாமல் போனால், வட்டத்தை நிறுத்தி ஒரு பிளேன்ரீ இடைவேளை விடுங்கள். நெறிப்படுத்துபவரில் ஒருவர் அவரோடு வெளியே போகட்டும், மற்றவர் உள்ளே நிற்கட்டும். மாணவர் ஆலோசகரிடம் முன்கூட்டியே கதைத்து வைத்திருந்தால் அன்றைக்கே அவரிடம் கூட்டிப்போகலாம். மறுநாள் நேரில் போய்ப் பாருங்கள், வாட்ஸ்அப் செய்தி போதாது.