அம்மா 9 அழுத்தியும் கேட் திறக்கவில்லை என்றால்

கும்பகோணம் ஃபிளாட்டில் அம்மா தனியாக இருக்கிறார், கேட்டில் வைத்திருக்கும் சிம் போட்ட இன்டர்காம் பெட்டியில் வீட்டு எண்ணைப் போட்டால் அவர் செல்லுக்கு அழைப்பு வருகிறது, பேசவும் முடிகிறது, 9 அழுத்தினால் மட்டும் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சு கேட்கிறது என்றால் பெட்டியின் சிம்மில் கோளாறு இல்லை. ரீசார்ஜ் செய்யவில்லையா என்று செக்ரெட்டரியிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் 9 அழுத்தினால் திறக்கிறதா என்று பாருங்கள். அவருக்கும் திறக்கவில்லை என்றால் பூட்டையோ வயரையோ பார்க்க ஆள் வர வேண்டும். திறந்தால், சிக்கல் அம்மாவின் போனிலோ, அவர் அழுத்தும் விதத்திலோதான்.

தஞ்சாவூரில் என் மாமியாரிடமும் இதே கூத்து. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. "யாரு, பால்காரரா? இருப்பா, தொறக்கறேன்" என்று சொல்லி, லைனைக் கட் பண்ணிவிட்டு, அப்புறம் நிதானமாக 9 அழுத்துவார்! 9 அழுத்தினால் 852, 1477 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும். பெட்டி அதைக் கேட்டுத்தான் பூட்டை விடுவிக்கும். லைன் இருந்தால்தானே கேட்கும்?

ஸ்பீக்கரில் போட்டு, போனைக் காதிலிருந்து எடுத்து, கீபேடைத் தொட்டு, 9ஐ ஒரு நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் வெளியில் நிற்பவர் பேசாமல் இருப்பது நல்லது.

பெட்டியில் ஒரு வீட்டுக்கு இரண்டு எண் போட வசதி இருந்தால் உங்கள் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாலும் நீங்கள் சென்னையிலிருந்தே திறக்கலாம்.